மாப்பிள்ளைக்கு எட்டு

என் மாமனார் நாச்சிமுத்துவுக்கு என்னை எவ்வளவு பிடிக்கும் என்பதை ஓர் இயந்திரம் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அதற்கு முந்தைய ஆறு வருடங்களில் அவர் என்னிடம் பேசியது மொத்தமே இரண்டு வாக்கியங்கள்தான். "வாங்க மாப்ள, சாப்பிட்டீங்களா?" என்பது ஒன்று. "அப்பறம், மெட்ராஸ்ல மழையெல்லாம் எப்படிங்க?" என்பது இன்னொன்று. காதல் கல்யாணம் என்பதால் கோபமோ என்று பார்த்தால், கோபமும் இல்லை. கோபம் இருந்தால் ஏதாவது திட்டியாவது இருப்பாரே. சோமனூர்ப் பக்கம் மாப்பிள்ளை என்றால் கடைசி வரைக்கும் விருந்தாளிதான். இலை போடுவார்கள், புது வேட்டி எடுத்துக் கொடுப்பார்கள், வாயைத் திறந்து பேச மட்டும் மாட்டார்கள்.

அவருக்கு நிமோனியா முற்றி, கோயம்புத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தபோது என் மனைவி சிந்துஜா ஜெர்மனியில் இருந்தாள். அவளுடைய வேலையில் நினைத்த நேரத்துக்குக் கிளம்ப முடியாது. எனக்கு மடிக்கணினியைத் திறந்து வைக்க ஓரிடம் கிடைத்தால் போதும். ஹோட்டல்களுக்கும் கார் ஓட்டுநர்களுக்கும் மக்கள் போடும் நட்சத்திரங்களில் எது நிஜம், எது பொய் என்று பிரித்துக் கொடுக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எண்களை நம்பிப் பிழைக்கிறவன். அதனால்தான் அந்த இயந்திரத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துப்போயிற்று.

மாமாவின் தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். குழாயின் மறுமுனையில் மூச்சு கொடுக்கும் இயந்திரம். அதெல்லாம் பழைய சமாசாரம். புதிது என்னவென்றால், கழுத்தின் இரண்டு பக்கமும், விலா எலும்புகளுக்கு நடுவிலும், விலாவுக்குக் கீழேயும் ஒட்டியிருந்த சின்னச் சின்ன வில்லைகள். ஈ.சி.ஜி. எடுக்கும்போது ஒட்டுவார்களே, அதே மாதிரி.

"மூச்சு இழுக்கிற தசைகள் வேலை செய்யும்போது அதுல லேசா மின்சாரம் ஓடும். தோலுக்கு மேல வெச்ச இந்த வில்லை அதைப் பிடிச்சுடும்," என்றார் டாக்டர் ரெஜினா. நாற்பது வயதிருக்கும். எந்தக் கேள்விக்கும் அலுத்துக்கொள்ளாத, ஆனால் எப்போதும் அலுப்பாகவே தெரிகிற முகம். "அவர் எவ்வளவு கஷ்டப்பட்டு மூச்சு விடறார்னு அந்தத் திரையில நம்பரா வரும். பூஜ்யத்துல இருந்து நூறு வரைக்கும்."

"கம்மியா இருந்தா நல்லதா டாக்டர்?"

"சாந்தத்துக்கு அதுதான் நல்லது."

சாந்தம் என்பது அந்த வில்லைகளோடு வந்த மென்பொருளின் பெயர். மாமாவின் எண் ஏறினால், சாந்தம் உடனே இயந்திரத்தை முடுக்கிக் கூடுதலாகக் காற்றை அனுப்பும். எண் இறங்கும் வரை விடாது. அது மட்டுமில்லை. வருகிறவர்கள் எல்லோருக்கும் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். யார் உள்ளே இருக்கும்போது எண் ஏறுகிறது, யார் இருக்கும்போது இறங்குகிறது என்று சாந்தம் கவனித்துக்கொண்டே இருக்கும். நோயாளியை அலைக்கழிக்கிறவர் என்று ஒருவரை அது முடிவு கட்டிவிட்டால், அப்புறம் அவருடைய பட்டைக்கு அறைக்கதவு திறக்காது.

"ஒறம்பரைக்காரங்க, சொந்தக்காரங்கன்னு கூட்டமா வந்து, நோயாளிய உட்கார வெச்சுக் கதை கேட்டு, ஆப்பிளைக் கொடுத்துட்டுப் போறதுக்குள்ள அவருக்குக் காய்ச்சல் ஏறிடுது," என்றார் டாக்டர். "யாரையும் உள்ள விடாதீங்கன்னு நாங்க சொன்னா அடிக்க வர்றாங்க. கதவு சொன்னா கேட்டுக்கறாங்க."

முதல் வாரத்திலேயே கதவு ஆளாளுக்கு ஓர் எண் போட்டுத் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. மாமாவின் தம்பி உள்ளே இருந்தால் முப்பத்தைந்து. நூல் வியாபாரிக்கு நாற்பது. எனக்கு எட்டு. என் அத்தைக்கு, அதாவது மாமாவோடு நாற்பது வருடம் குடும்பம் நடத்திய துளசிமணிக்கு, எழுபத்திரண்டு.

அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அத்தையின் குரல் அப்படி. விசைத்தறிக் குடோனுக்குள் வாழ்க்கைப்பட்டு, தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகி, "காப்பி குடிக்கறீங்களா?" என்று கேட்டால்கூட அடுத்த தெருவில் நாய் குரைக்கும். அவர் மருத்துவமனைக்குள் நுழைந்தாலே நர்ஸ்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். உள்ளே போய்க் கட்டிலுக்கு எதிரே நிற்பார். மாமாவின் கண் அகலமாகத் திறக்கும். கழுத்து நரம்பு புடைக்கும். உதடு துடிக்கும். எண் ஐம்பது, அறுபது என்று ஏறும். இயந்திரம் புஸ்ஸென்று காற்றைத் தள்ளும். அத்தையோ பேச்சை விட்டுவிட்டு அவர் முகத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மூன்றாவது முறை அப்படி நடந்தபிறகு கதவு அவருக்குத் திறக்கவில்லை. பட்டையை மாற்றி மாற்றிக் காட்டினார். சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுக் காட்டினார். கதவு அசையவில்லை.

"ஏனுங் டாக்டரம்மா, சொன்னாக் கேக்க மாட்டீங்கறீங்க. அவரு எங்கூடப் பேசறாருங்க!" என்றார்.

"தொண்டையில குழாய் இருக்கும்மா. அவரால பேச முடியாது."

"உங்களுக்குக் கேக்காதுங்க. எனக்குத் தெரியுதுங்க."

டாக்டர் அவர் தோளைத் தொட்டு, "தைரியமா இருங்கம்மா," என்றார். நர்ஸ் ஒருத்தி குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். நானும் என் பங்குக்கு, "அத்தை, நீங்க கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்," என்றேன். சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு சின்னக் குஷி இருந்தது. ஆறு வருடம் விருந்தாளியாக இருந்தவன் ஒரே வாரத்தில் வீட்டுக்கு நெருங்கிய ஆளாகிவிட்டேன். எனக்கு எட்டு!

அன்றிலிருந்து நான்தான் உள்ளே. காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மாமாவுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவேன். முதல் பக்கத்தில் ஆரம்பித்து வரிவிளம்பரம் வரைக்கும் விடமாட்டேன். இரண்டாவது பத்தியிலேயே அவர் கண் மூடிவிடும். எண் பன்னிரண்டு, பத்து, எட்டு. சில நாட்களில் ஆறுகூட. திரையின் மூலையில் பச்சையாக ஒரு தாமரை பூக்கும். அதைப் படம் பிடித்து சிந்துஜாவுக்கு அனுப்பினேன்.

"அப்பாவுக்கு உங்களை இவ்வளவு பிடிக்குமா?" என்று கேட்டாள். குரலில் ஆச்சரியம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்தத் தளத்தில் எண்தான் பேச்சு. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தால் ஆளாளுக்குத் தங்கள் எண்ணைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டார்கள். பக்கத்து அறையில் ஒரு பெரியவர்; இரண்டு மகன்கள். மூத்தவருக்கு நாற்பத்தொன்று. இளையவருக்குப் பதினொன்று. "எங்கப்பன் மனசு யார் பக்கம்னு இப்பவாச்சும் ஊருக்குத் தெரியட்டும்," என்று இளையவர் என்னிடம் சொன்னார். தோட்டத்தைப் பிரிப்பதில் தகராறு போலிருக்கிறது. வக்கீலிடம் இதைச் சொல்லலாமா என்று என்னையே கேட்டார். மூத்தவர் உள்ளே போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், கட்டிலைப் பார்க்காமல் நின்றுவிட்டு வருவார். எண்ணைக் குறைக்கத்தான். கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணுக்குத் தன் அம்மாவிடம் அறுபத்தெட்டு. கதவு அவளுக்கு அடைத்துப்போனது. அவள் பெஞ்சின் கோடியில் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இருவரும் எதுவும் பேசிக்கொள்வதில்லை. அவர்களைத் தாண்டி உள்ளே போகும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் போவேன்.

மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, டாக்டர் ரெஜினா இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தார். மாமா தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பதற்கான சோதனை. எண் ஏழிலேயே நின்றது. உதடு நீலமாகத் தொடங்கியது. இயந்திரத்தை அவசரமாக ஓடவிட்டார்கள்.

என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல குடை மாதிரி ஒரு தசை இருக்கு. மூச்சு விடறதுல முக்கால்வாசி வேலை அதோடது. வேலை இல்லாம படுத்தே கிடந்தா அது மெலிஞ்சுடும். உங்க மாமாவுக்கு மெலிஞ்சு போயிருக்கு. இயந்திரமே எல்லாத்தையும் செஞ்சுட்டிருக்கு."

"ஆனா நம்பர் நல்லாத்தானே இருக்கு டாக்டர்? எனக்கு எட்டு."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். இரக்கத்தோடுதான் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது.

"எட்டுன்னா நிம்மதின்னு அர்த்தம் இல்ல சார். எட்டுன்னா அவர் மூச்சு விட முயற்சியே பண்ணலைன்னு அர்த்தம். நீங்க பக்கத்துல இருக்கும்போது அவருக்கு மூச்சு விடணும்னே தோணலை."

மனிதர்களின் நட்சத்திரங்களைச் சலித்துப் பிரிப்பதுதான் என் தொழில். எனக்குக் கிடைத்த ஒரே ஐந்து நட்சத்திரத்தை இப்படி ஒரு வாக்கியத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

டாக்டர் திரையில் பழைய கோடுகளை ஓட்டினார். "இங்க பாருங்க, முதல் வாரம். என்ன அருமையான மேடுகள்! இதே மாதிரி இழுத்திருந்தா இந்நேரம் குழாயே எடுத்திருப்பேன். அப்போ என்ன பண்ணிட்டிருந்தோம்?"

"அத்தை உள்ள வந்துட்டிருந்தாங்க."

டாக்டர் கோடுகளை அங்கேயே நிறுத்தினார்.

"அவங்களை உள்ள விட்டுடுங்களேன் டாக்டர்."

"கதவு என் கையில இல்ல. சாந்தத்தை மீறினா மருத்துவமனைக்கு இருக்கிற தரச்சான்று போயிடும். நான் எழுதிக் கேட்டேன். நோயாளிக்கு அமைதியா இல்லையேன்னு திருப்பி எழுதினாங்க." அவர் மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார். "அடுத்த சோதனையும் இப்படியே போச்சுன்னா நீண்டகாலப் பிரிவுக்கு மாத்திடுவாங்க. ஏழாவது மாடி. அங்க போனவங்க..." என்று ஆரம்பித்து, "அங்க யாரையும் பார்க்க விடறதில்ல," என்று முடித்தார்.

வராந்தாவில் அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "மேல அனுப்பறாங்களாங்க?" என்றார். தலையை ஆட்டினேன். அத்தை அழவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து, அறையின் கண்ணாடிச் சுவர்ப் பக்கம் போய் நின்றுகொண்டார். அதை யாரும் தடுக்கவில்லை. கண்ணாடி தடிமன், உள்ளே ஊசி விழுந்தாலும் வெளியே கேட்காது, வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது.

நான் உள்ளே போனேன். செய்தித்தாளைப் பிரிக்கக் கூச்சமாக இருந்தது. ஆனால் வேறென்ன செய்வது? மாமாவுக்கு ரோஷம் வரட்டும் என்று நூல் விலை ஏறிய செய்தியாகப் பார்த்து எடுத்து, கொஞ்சம் உணர்ச்சியோடு வாசித்தேன். எண் பன்னிரண்டு. நான் வாசித்தேன். இருபத்தாறு. என் குரல் தானாக உயர்ந்தது. நாற்பது! ஆகா, இத்தனை நாள் தவறான செய்திகளை வாசித்திருக்கிறேன், தறிக்காரருக்கு நூல் விலைதானே உயிர் என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பத்தெட்டு. தாமரை வாடி, திரையில் சிவப்பாக எழுத்து வந்தது: "வருகையாளர் நோயாளியை அலைக்கழிக்கிறார். முதல் எச்சரிக்கை."

பெருமிதத்தோடு நிமிர்ந்து மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் வேகவேகமாக அசைந்தன. சத்தமில்லை. துடிப்பு என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது துடிப்பு இல்லை. ஒவ்வொரு எழுத்தும் முழுசாக, வாயைக் கோணி, பல்லைக் காட்டி, நாக்கை மடித்து அசைந்தது.

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தையின் வாயும் அதே மாதிரி அசைந்துகொண்டிருந்தது. ஊரையே எழுப்பும் அந்தக் குரல் சுத்தமாக இல்லை. வாய் மட்டும். மாமா ஏதோ கேட்டார். அத்தை முகத்தைச் சுளித்துப் பதில் சொன்னார். மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அறுபத்து நான்கு. இயந்திரம் புஸ்ஸென்று காற்றைத் தள்ளி அவரைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தியது. அவர் எரிச்சலோடு கண்ணை மூடித் திறந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

வெளியே ஓடினேன். "அத்தை, என்ன பண்றீங்க?"

"பேசிட்டிருக்கறேனுங்க."

"அவர் சொல்றது உங்களுக்கு எப்படிப் புரியுது?"

அத்தைக்கு என் கேள்வி புரியவில்லை. "வாயப் பாத்தாத் தெரியுதுல்லீங்க? குடோனுக்குள்ள பத்துத் தறி ஓடறப்ப யாரு பேசறது யாருக்குக் கேக்கும்? அந்தக் கோடில அவரு, இந்தக் கோடில நானு. அப்படியேதான் பேசிக்குவோம். சண்டையும் அப்படியேதானுங்க."

அப்போதே சிந்துஜாவைக் கூப்பிட்டேன். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன்.

"இதுல என்ன அதிசயம்? தறிக்காரங்க எல்லாருமே அப்படித்தான் பேசுவாங்க," என்றாள். "உங்களுக்குத் தெரியாதா? என்னை ஆறாவதுலயே ஹாஸ்டல்ல போட்டதால எனக்குப் பாதிதான் புரியும்."

"ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"நீங்க நம்பரைத்தானே அனுப்புனீங்க. வீடியோவா அனுப்புனீங்க?"

அத்தையிடம் திரும்பினேன். "மாமா என்ன சொல்றார்?"

"கெழக்கோரத் தறியில பாவு நூல் தீந்து பத்து நாளா சும்மா நிக்குதுன்னேனுங்க. அதுக்குத்தான் வையறாரு. நான் இல்லாட்டி ஒரு பாவு ஏத்தறதுக்கு ஊட்ல ஆளில்லையாங்கறாரு." அத்தையின் கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை. "நானும் விடலீங்க. அக்கறை இருந்தா எந்திரிச்சு வந்து ஏத்துன்னேன்."

டாக்டர் ரெஜினாவை இழுத்து வந்து காட்டினேன். அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஒரு முறை உள்ளே பார்த்தார், ஒரு முறை அத்தையைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் அலுப்பு இல்லை.

"பேசறாரு," என்றார் மெல்ல. பிறகு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னைக்கே சொன்னீங்கம்மா," என்றார்.

"ஆனா டாக்டர், பழி என் மேல விழுது. எனக்கு முதல் எச்சரிக்கை வந்துடுச்சு. இயந்திரம் வேற அவர் பேசப் பேசக் காத்தைத் தள்ளி அமுக்குது."

"உள்ள நீங்கதானே இருக்கீங்க. சாந்தம் உள்ள இருக்கிற ஆளைத்தான் கணக்குல எடுத்துக்கும். கண்ணாடிக்கு வெளிய நிக்கிறவங்களை அதுக்குத் தெரியாது."

"உள்ள யாருமே இல்லாதப்ப நம்பர் ஏறினா?"

டாக்டர் திரும்பித் திரையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "உள்ள ஆள் இல்லைன்னா அலைக்கழிக்க யாரும் இல்ல. அப்ப அது நோயாளியோட சொந்த முயற்சி. தேறி வர்றாருன்னு எடுத்துக்கிட்டு சாந்தம் காத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கும்."

"அப்படின்னா..."

"ஆமா சார். நீங்க வெளிய வந்துட்டாப் போதும்."

மாமா பிழைக்க நான் செய்ய வேண்டிய உதவி அவ்வளவுதான். உள்ளே போகாமல் இருப்பது. இரண்டு வாரம் மூச்சுவிடாமல் செய்தித்தாள் வாசித்தவனுக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. நாற்காலியையும் செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டு வந்தேன். கதவு எனக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

டாக்டர் இரண்டு நர்ஸ்களைக் கூப்பிட்டுக் கட்டிலைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் போட வைத்தார். "கட்டில் எந்தத் திசையில இருக்கணும்னு இன்னும் எந்த விதியும் வரலை," என்றார்.

அப்புறம் நடந்ததைக் கண்ணாடிக்கு வெளியே நின்று நானும் பார்த்தேன். அத்தை காலையில் டிபனை முடித்துக்கொண்டு வந்து நின்றுவிடுவார். தறி, பாவு, நூல்காரன், பக்கத்து வீட்டுக்காரன் சந்துக்குள் நிறுத்தின வண்டி, தம்பி மகன் கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று எல்லாவற்றுக்கும் சண்டை. உள்ளே எண் ஐம்பது, அறுபது என்று ஏறும். ஆளில்லாத அறையில் சாந்தம் அதைக் கண்டு மகிழ்ந்து, தாமரையை இன்னும் பெரிதாகப் பூக்கவைத்து, காற்றைக் குறைக்கும். மாமா முதலில் களைத்துப்போய்ப் பாதிச் சண்டையில் தூங்கிவிடுவார். நாளாக நாளாகச் சண்டை நீண்டது. பெஞ்சின் கோடியில் இருந்த அந்தக் கல்லூரிப் பெண்ணும் எழுந்து வந்து, தன் அம்மாவின் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயை அசைத்துப் பார்த்தாள். அவளுடைய அம்மாவுக்குப் புரிந்ததா என்று தெரியாது. ஆனால் கை அசைந்தது.

ஒரு காலை டாக்டர் இயந்திரத்தை நிறுத்தினார். அத்தை கண்ணாடிக்கு வெளியே நின்று என்னவோ சொன்னார். மாமாவின் விலா விரிந்தது, சுருங்கியது, விரிந்தது. உதடு சிவப்பாகவே இருந்தது. டாக்டர் இயந்திரத்தைத் திரும்ப ஓடவிடவே இல்லை.

"என்ன சொன்னீங்க அத்தை?"

"கெழக்கோரத் தறிய வித்துப்போட்டேன்னு சொன்னேனுங்க."

"வித்துட்டீங்களா?"

"ச்சேச்சே. சும்மா சொன்னேன்."

குழாயை எடுத்து, தொண்டை ஆறி, வீட்டுக்கு அனுப்பியபிறகு ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். மருத்துவமனை வாசலிலேயே மாமாவின் படம் பெரிதாக மாட்டியிருந்தது. கீழே எழுதியிருந்தது: "முழு அமைதியில் மீண்ட மூச்சு. வருகையாளர் எவரும் இன்றி, சாந்தத்தின் துணையோடு மட்டும்." மாமா படத்தை நின்று பார்த்தார். சட்டை நன்றாக இருக்கிறது என்று அத்தையிடம் வாயசைத்தாராம்.

தளத்துக்குப் போனோம். வராந்தாவில் பெஞ்ச் இல்லை. ஆட்களும் இல்லை. கண்ணாடிச் சுவர்களுக்கெல்லாம் பால் நிறத்தில் தாள் ஒட்டியிருந்தார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

"உங்க மாமாவோட வரைபடத்தைக் காட்டித்தான் விதியைப் போட்டாங்க," என்றார் டாக்டர் ரெஜினா. பழைய அலுப்பு முகத்துக்குத் திரும்பியிருந்தது. "உள்ள ஆள் இல்லாதப்பதான் அவர் தேறினார்னு அதுல தெளிவா இருக்கு. அதனால இனிமே யாருக்கும் அனுமதி இல்ல. எல்லாக் கிளையிலயும்."

"நடந்ததை நீங்க சொல்லலையா?"

"சொன்னேன். ஆதாரம் கேட்டாங்க. உள்ள நடந்ததுக்கு வரைபடம் இருக்கு. வெளிய ஒரு அம்மா நின்னுட்டிருந்ததுக்கு என்ன இருக்கு?"

அத்தை பால் நிறக் கண்ணாடி ஒன்றின் முன்னால் போய் நின்றார். கல்லூரிப் பெண்ணின் அம்மா இருந்த அறை. ஒரு மூலையில் தாள் லேசாகப் பெயர்ந்திருந்தது. அத்தை யாரும் பார்க்கிறார்களா என்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு நகத்தால் அந்த மூலையை இன்னும் கொஞ்சம் உரித்துவிட்டார். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமாவுக்கு இன்னும் சில மாதம் வில்லைகள் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார்கள். எண் என் கைபேசியில் வரும், பட்டைக்குப் பதிலாகவும் இப்போது அதுவேதான். நான் சோமனூர் போகும்போதெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்வேன். மழையைப் பற்றிக் கேட்பார். சாப்பிட்டாச்சா என்பார். நான் மேசைக்கடியில் கைபேசியைப் பார்ப்பேன். எட்டு. தசை தேறி, இயந்திரம் இல்லாமலே சிரமமின்றி மூச்சு விடுகிறார் என்று அர்த்தம், உடம்புக்கு நல்லதுதான். ஆனால் அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வலித்தது. சிந்துஜா வேறு ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லித் தொலைத்தாள். நான் செய்தித்தாள் வாசித்த நாட்களைப் பற்றி மாமா பிற்பாடு கண்ணாடி வழியாக அத்தையிடம், "இந்தப் பையன் படிக்கறப்பக் கண்ண மூடுனா நல்லாத் தூக்கம் வந்துச்சு," என்றாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொடுக்கக் குடோனுக்குள் போனேன். பத்துத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. நூலை இழுத்தோடும் நாடாக்கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கிற சத்தத்தில் காது அடைத்தது. மாமா கிழக்கோரத்தில் தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முதுகு காட்டி நிற்கிறார், எப்படியும் இந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்ற தைரியத்தில் அத்தையின் காதருகே கத்தினேன். "அத்தை, மாமாவுக்கு இனிமே இந்தப் பஞ்சுத் தூசி ஆகாது. அந்தக் கிழக்கோரத் தறியைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாமே?"

அத்தை சட்டென்று நிமிர்ந்தார். கிழக்கோரத்தைப் பார்த்தார்.

மாமா இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். தறிகளுக்கு நடுவே இருந்த சந்து வழியாக நேராக என்னை நோக்கி வந்தார். என் முகத்துக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தார்.

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவர் மழையைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. விரல் என் மூக்குக்கு நேராக ஆடியது. என் சட்டைப் பையில் கைபேசி நடுங்கியது. எடுத்துப் பார்த்தேன். முப்பது. நாற்பத்தேழு. அறுபத்தாறு. சிவப்பு எழுத்தில் வந்தது: "வருகையாளர் உடனே விலகவும்."

"அத்தை, என்ன சொல்றார்?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினார். "அதெல்லாம் மாப்ளைகிட்டச் சொல்ற பேச்சில்லீங்க!"

கைபேசியை அணைத்துப் பையில் போட்டேன். எனக்கு அழுகை வந்தது. பஞ்சுத் தூசி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று கண்ணைத் துடைத்தேன். ஓரடி முன்னால் நகர்ந்து, மாமாவின் முகத்துக்கு நேரே நின்றேன். "நீங்க சொல்லுங்க மாமா," என்றேன், சத்தமில்லாமல், வாயை மட்டும் நன்றாகத் திறந்து.

அவருக்குப் புரிந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.